ஆகாய கங்கைக்கு ஒரே நாளில் போய்வர: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொல்லிமலை அடிவாரத்தை ஒட்டி ராசிபுரம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒரு வேலை தானாக வந்து சேரும். சேலம், ஈரோடு, திருப்பூர் சொந்தபந்தம் யார் மலைக்குக் கிளம்பினாலும் முதல் போன் நமக்குத்தான் வரும், கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகளாகத்தான் இருக்கும். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். எனக்கு ரொம்பப் பிடித்த அருவி இது. பார்க்கப் போகிறவர்கள் நல்லபடியாகப் பார்த்துவிட்டு நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும்.

ஏனுங்க, இந்த ஆகாய கங்கை எங்க இருக்குதுங்க? ஒகேனக்கல் மாதிரியா?

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில், வளப்பூர் நாடு என்ற பகுதியில், அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது, மேற்பரப்பு ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். அந்த மேட்டில் ஓடிவரும் ஐயாறு ஓர் இடத்தில் பாறை விளிம்பிலிருந்து ஏறக்குறைய 300 அடி கீழே விழுகிறது. அதுதான் ஆகாய கங்கை. விழுந்த தண்ணீர் பள்ளத்தாக்கு வழியாகத் திருச்சி மாவட்டம் புளியஞ்சோலைக்கு இறங்கிப் போகிறது.

ஒகேனக்கல் மாதிரி கிடையாது. அங்கே பரிசல், எண்ணெய்க் குளியல், மீன் வறுவல் என்று எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இங்கே அருவி பள்ளத்துக்குள் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால்தான் அதன் அடிக்குப் போக முடியும். மற்ற ஊர்களில் அருவிக்கு ஏறிப்போய்க் குளித்துவிட்டுச் சுகமாக இறங்கி வருவோம், இங்கே சுகமாக இறங்கிப்போய்க் குளித்த களைப்போடு ஏறி வர வேண்டும். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் போதும், எப்போது கிளம்புவது, என்ன சாப்பிடுவது, யாரைக் கூட்டிப் போவது என்ற மற்ற கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்வீர்கள்.

ஒரே நாள்ல போய்ட்டு வந்தர்லாமுங்களா?

சேலம், நாமக்கல், ராசிபுரம், ஈரோடு, கரூரிலிருந்து தாராளமாக முடியும், ஆனால் விடியக்காலை கிளம்ப வேண்டும். கோயம்புத்தூர், திருப்பூர்க்காரர்கள் முந்தின நாள் ராத்திரியே நாமக்கல்லிலோ சேலத்திலோ வந்து தங்கிவிடுவது நல்லது. கோவையிலிருந்து ஒரே மூச்சில் வண்டி ஓட்டி வந்து, மலையும் ஏறி, படியும் இறங்கி ஏறி, அதே ஆள் ராத்திரி திரும்பவும் ஓட்டிக்கொண்டு போவது என்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சேலத்திலிருந்து என்றால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குள் அடிவாரம், நின்று நிதானமாக ஏறி எட்டரைக்குள் மலைமேல் உள்ள செம்மேடு என்ற ஊர். அங்கே டிபன். அடுத்து அரை மணி நேரத்துக்கு மேல் உள்ளே போனால் கோயில். சாமி கும்பிட்டுவிட்டு பத்து மணிக்குள் படியில் கால் வைத்துவிடுங்கள். இறங்க முக்கால் மணி, அருவியில் ஒரு மணி, ஏற ஒன்றரை மணி நேரம் என்று போட்டாலும் மத்தியானம் ஒன்றரைக்குள் மேலே வந்துவிடலாம். சாப்பிட்டு, ஓய்வெடுத்து, மூன்று மூன்றரைக்கு மலையை விட்டுக் கிளம்பினால் இருட்டுவதற்குள் அடிவாரம். கடைசியாகச் சொன்னதைத் தளர்த்தவே கூடாது. காரணம் கீழே வளைவுகளைப் பற்றிய கேள்வியில் இருக்கிறது.

எந்த வழியா போறதுங்க?

பெரும்பாலோர் போவது காரவள்ளி வழி. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாக வரலாம், சேலத்திலிருந்து ராசிபுரம், பேளுக்குறிச்சி வழியாக வரலாம், இரண்டும் காரவள்ளி அடிவாரத்தில் வந்து சேரும். ஈரோட்டுக்காரர்கள் திருச்செங்கோடு, நாமக்கல் என்று வருவது சுலபம். காரவள்ளியில் சோதனைச்சாவடி இருக்கிறது, மது பாட்டிலும் பிளாஸ்டிக்கும் பார்ப்பார்கள். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் சோளக்காடு, அதைத் தாண்டிச் செம்மேடு. முள்ளுக்குறிச்சி வழியாகவும் ஒரு மலைப்பாதை இருக்கிறது, அதில் வளைவு குறைவு.

பஸ்ஸிலும் வரலாம். நாமக்கல், ராசிபுரம், சேலத்திலிருந்து அரசுப் பேருந்துகள் செம்மேட்டுக்கு வருகின்றன, கோயில் வரைக்கும் போகிற பஸ்ஸும் உண்டு. ஏறும்போதே கண்டக்டரிடம் திரும்பும் பஸ் நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்காமல் படி இறங்காதீர்கள்.

எழுபது வளைவுன்னு சொல்றாங்க, கார் ஓட்டப் பயமா இருக்குது. நம்மாள முடியுமுங்களா?

சமவெளியில் நன்றாக ஓட்டுகிற யாரும் ஏறலாம். ஒவ்வொரு வளைவிலும் 1/70, 2/70 என்று எண் போட்ட பலகை இருக்கும், பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள். வளைவுக்கு முன்னால் ஹாரன், கியரைக் குறைப்பது, எதிரே ஏறி வருகிற வண்டிக்கு வழி விட்டு நிற்பது, இந்த மூன்றும் போதும். பஸ் திரும்பும்போது முழுச் சாலையும் அதற்குத் தேவைப்படும், அந்த நேரம் மூக்கை உள்ளே நுழைக்காமல் பின்னாலேயே நில்லுங்கள்.

ஆபத்து இருப்பது இறக்கத்தில். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டுப் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் பாதி மலை தாண்டுவதற்குள் பிரேக் சூடேறிக் கருகின வாசம் வரும், அதற்கப்புறம் மிதித்தாலும் சரியாகப் பிடிக்காது. அந்த வாசம் வந்தால் அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டி, வண்டியை நன்றாக ஆறவிட்டுக் கிளம்புங்கள். சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்துவிட்டு இறக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அணைத்துவிட்டால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லு மாதிரி இறுகிவிடும், எழுபது வளைவில் அது உயிரோடு விளையாடுவது. இருட்டில், அதுவும் பனிமூட்டத்தில், எதிரில் வளைவு இருப்பதே கிட்டே வந்தால்தான் தெரியும் என்பதால்தான் வெளிச்சத்திலேயே இறங்கச் சொல்கிறேன்.

ஸ்கூட்டர்ல ரெண்டு பேரு போலாமுங்களா?

ஏறுவதைவிட இறங்குவதை யோசியுங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் பின்னால் ஒருவரை வைத்துக்கொண்டு இறங்கும்போது வேலை முழுவதும் பிரேக்கின் தலையில்தான். போவதாக இருந்தால் பத்துப் பதினைந்து வளைவுக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்தி இறங்குங்கள், ஹெல்மெட் இரண்டு பேருக்கும் வேண்டும். கியர் பைக் எவ்வளவோ மேல். பெட்ரோல் எதுவானாலும் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

கொழந்தைக்கு மலை ஏறுனா வாந்தி வருது, என்னங்க பண்றது?

காலையில் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள், பட்டினியும் போடாதீர்கள். இரண்டு இட்லி போதும், பால் வேண்டாம். முன்னால் பார்க்கிற மாதிரி உட்கார வைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள், போனைக் கையில் கொடுக்காதீர்கள். வளைவில் திரும்பும்போது கீழே குனிந்து திரையைப் பார்த்தால் பெரியவர்களுக்கே குமட்டும். மாத்திரை கொடுப்பதாக இருந்தால் டாக்டரைக் கேட்டு, கிளம்புவதற்கு முன்னாலேயே கொடுக்க வேண்டும். குமட்ட ஆரம்பித்த பிறகு கொடுத்து அவ்வளவு பலன் இருக்காது.

எந்த மாசம் போனா தண்ணி நல்லா இருக்கும்?

ஆடி, ஆவணியில் மழை பிடித்தால் தண்ணீர் ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழைக்கு அருவி முழு உருவத்தில் இருக்கும். ஆனால் அதே மாதங்களில்தான் வெள்ளம் என்று குளிக்கத் தடை போடுவதும், மழைக்குச் சாலையில் மண் சரிவதும். என்னைக் கேட்டால் மழை ஓய்ந்த மார்கழி, தை. தண்ணீர் தெளிந்து கண்ணாடியாக விழும், வெயில் உறைக்காது, படியில் பாசி குறைந்திருக்கும். காலைக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பங்குனி, சித்திரையில் வந்தால் மெலிந்த அருவியைத்தான் பார்ப்பீர்கள்.

ஆடிப் பதினெட்டுக்கு வந்தா நோம்பியும் பாக்கலாம், அருவியும் பாக்கலாமுல்ல?

நோம்பி பார்க்கலாம். ஆடி 17, 18 இரண்டு நாளும் செம்மேட்டில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழா. ஓரி இந்த மலையை ஆண்ட கடையெழு வள்ளல்களில் ஒருவன், யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் ஒரே அம்பில் துளைத்ததாகச் சங்கப் பாட்டில் வருகிறது. திருக்கோவலூர் மலையமான் திருமுடிக்காரியோடு நடந்த போரில் இறந்தான். செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. இந்த மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்கள் ஊர் ஊராக வந்து கூடுவார்கள், அறப்பளீஸ்வரர் கோயிலிலும் விசேஷம். பார்க்க வேண்டிய கூட்டம்தான்.

அருவிக்கு அந்த நாள் ஏற்றதல்ல. படியில் இறங்குகிறவரும் ஏறுகிறவரும் தோள் இடித்துக்கொள்வார்கள், நின்று மூச்சு வாங்க இடமிருக்காது, கீழே குளிக்க வரிசை. அருவிக்காக வருகிறவர்கள் வேறொரு நாள், முடிந்தால் வாரநாளில் வாருங்கள்.

அம்மாயிக்கு முட்டி வலி. மெதுவா இறக்கிக் கூட்டிட்டுப் போய்ட்டா ஆகாதுங்களா?

வேண்டாம். இதை நேரில் கேட்கிறவர்களிடமும் தயங்காமல் சொல்லிவிடுவேன். இறங்குவது சுலபமாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு படியிலும் உடம்பு எடை முழுவதும் முட்டியில்தான் வந்து விழுகிறது. கீழே போய்ச் சேரும்போது நல்ல வயசுப் பிள்ளைகளுக்கே தொடை நடுங்கும். அங்கிருந்து மேலே வர படியைத் தவிர வேறு வழி கிடையாது, வண்டி வராது. இதய நோய், ஆஸ்துமா, சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இதே பதில்தான்.

அதற்காக அம்மாயியை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். மாசிலா அருவி, நம்ம அருவி இரண்டும் சின்னவை, நடை குறைவு, வயசானவர்களும் தலை நனைக்கலாம். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்து ஆற்றில் மீனுக்குப் பொரி போடலாம். அறுத்துச் சமைத்த மீனை ஈஸ்வரன் திரும்பப் பொருத்தி ஆற்றில் விட்டார் என்பது தலபுராணம், அதனால் அங்கே மீனை யாரும் பிடிப்பதில்லை. நீங்கள் படி இறங்கி ஏறி வரும் மூன்று மணி நேரமும் அம்மாயிக்குக் கோயில் நிழலும் மீனும் போதும், துணைக்கு ஒருவரை மட்டும் வைத்துவிட்டுப் போங்கள்.

சரி, படி எப்படி ஏறுனா கஷ்டம் தெரியாதுங்க?

கஷ்டம் தெரியும், குறைக்கலாம். முதலில், இறங்கும்போது ஓடாதீர்கள். உற்சாகத்தில் குதித்துக் குதித்து இறங்குகிற காலேஜ் பசங்கள்தான் ஏறும்போது ஐம்பது படிக்கு ஒரு தடவை உட்காருவார்கள், கால் சக்தியை இறக்கத்திலேயே செலவு செய்துவிடுகிறார்கள். படிகள் ஒரே உயரத்தில் இல்லை, சில முழங்கால் உயரத்துக்கு வரும், கைப்பிடியைப் பிடித்து நிதானமாக இறங்குங்கள். நல்ல பிடிமானமுள்ள செருப்போ ஷூவோ வேண்டும். வழுவழுப்பான ரப்பர் செருப்பு ஈரப்படியில் உங்களைக் கீழே தள்ளிவிடும்.

ஏறும்போது வேகமாகப் போய் நிற்பதைவிட, பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில் நிற்காமல் போவது நல்லது. மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சம்பழத் தண்ணீரானால் இன்னும் நல்லது. கட்டுச்சோறு கொண்டுபோனால் அதை மேலே வந்து சாப்பிடுங்கள். அருவியில் குளித்தால் அகோரப் பசி எடுக்கும், அங்கேயே உட்கார்ந்து புளிசாதத்தை ஒரு கட்டு கட்டிவிட்டு ஏறினால் பாதிப் படியில் வயிறு பிடித்துக்கொள்ளும். பசிக்கு ஒரு மலைவாழைப்பழமும் கடலைமிட்டாயும் போதும்.

அவ்வளவு கஷ்டப்பட்டு எறங்குறதுக்கு அங்க என்னதாங்க இருக்குது?

கடைசிப் படிகளில் அருவி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே சத்தம் நெஞ்சில் அதிரும். அப்புறம் காற்று மாறும். குளிர்ந்து ஈரமாக எதிரிலிருந்து அடிக்கும், மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் துடைத்துத் துடைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். பாறைகளைத் தாண்டிப் போனால் மூன்று பக்கமும் சுவர் போல எழுந்து நிற்கிற மலைக்கு நடுவில் அத்தனை உயரத்திலிருந்து தண்ணீர் விழுகிறது, பாதி வழியிலேயே பஞ்சாகப் பிரிந்து சாரலாகிவிடுகிறது. தண்ணீர் அதிகமுள்ள நாளில் தூரத்தில் நின்றாலே ஐந்து நிமிடத்தில் சட்டை நனைந்து உடம்பில் ஒட்டும். வெயில் சரியாகப் படும் நேரத்தில் சாரலுக்குள் வானவில் தெரியும். குளிக்காமல் பார்த்துவிட்டு மட்டும் வந்தாலும் படி இறங்கியது வீண் போகாது.

மழையே இல்ல, வெயிலடிக்குது. அப்புறம் ஏன் அருவிய மூடி வெக்கறாங்க?

நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும், ஆனால் ஐயாற்றுக்குத் தண்ணீர் வருவது மலையின் மேல்பரப்பு முழுவதிலிருந்தும். அங்கே எங்கோ ஒரு மூலையில் கொட்டின மழை கொஞ்ச நேரம் கழித்து மொத்தமாக இங்கே வந்து விழும். நீங்கள் இருப்பது பள்ளத்தில், மேலே வானம் கறுப்பது தெரியாது. அதனால் வனத்துறையினர் போகாதே என்றால் வாக்குவாதம் வேண்டாம். மாலை நெருங்கிவிட்டாலும் மேலேயே நிறுத்திவிடுவார்கள், அதுவும் நம் நல்லதுக்குத்தான்.

குளித்துக்கொண்டிருக்கும்போது தெளிந்த தண்ணீர் செம்மண் நிறமாக மாறினால், இலையும் சுள்ளியும் சேர்ந்து வந்தால், இரைச்சல் திடீரென்று கனத்தால் உடனே வெளியே வந்து படிப் பக்கம் மேட்டுக்குப் போய்விடுங்கள். துணி, போன் என்று திரும்பிப் போக வேண்டாம்.

நேரா அருவிக்கு அடியிலயே போயி நிக்கலாமுங்களா?

கூடாது. 300 அடி உயரத்திலிருந்து தண்ணீரோடு ஒரு கூழாங்கல் வந்தால்கூட மண்டை உடையும். விழுகிற இடத்தைச் சுற்றிப் பாறை முழுக்கப் பாசி, தேங்கின குழியின் ஆழம் மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஓரத்தில் பிரிந்து வழிகிற தண்ணீரில் நில்லுங்கள், அதுவே முதுகைப் பிடித்துவிட்ட மாதிரி அடிக்கும். குடித்துவிட்டு வருகிறவர்களை உங்கள் கூட்டத்தில் சேர்க்காதீர்கள்.

சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். இந்தத் தண்ணீர்தான் புளியஞ்சோலையில் பலர் இறங்கிக் குளிக்கிற தண்ணீர்.

மூலிகைத் தண்ணியாமே, குளிச்சா நோவெல்லாம் போயிருமுங்களா?

மூலிகை நிறைய உள்ள மலைதான். காட்டு வழியாக வருகிற சுத்தமான தண்ணீர், குளித்தால் உடம்பு லேசாகும், மனசும் லேசாகும். சர்க்கரை போகும், வாதம் போகும் என்று யாராவது சொன்னால் அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

முடவாட்டுக்கால் சூப்பும் அப்படித்தான். கோயில் பக்கமும் செம்மேட்டிலும் சாக்கு விரித்து அந்தக் கிழங்கைக் குவித்து வைத்திருப்பார்கள், மேலெல்லாம் பழுப்பு ரோமத்தோடு பார்க்க ஆட்டுக்கால் போலவே இருக்கும். தோலைச் சீவினால் உள்ளே வெளிர்ப்பச்சை. அதை நசுக்கி மிளகு, சீரகம் போட்டுக் கொதிக்க வைத்துத் தருவார்கள், மூட்டுவலிக்கு என்று காலங்காலமாகக் குடிக்கிறார்கள். படி ஏறி வந்து உட்கார்ந்ததும் ஒரு டம்ளர் குடித்துப் பாருங்கள், சுடச்சுட அந்த மிளகுக் காரத்துக்கே குடிக்கலாம்.

பொம்பளைங்க மட்டும் போலாமுங்களா? துணி மாத்த எடமிருக்குதுங்களா?

வாரநாளில்கூடக் குடும்பங்கள் வந்துகொண்டிருக்கும், காலை நேரத்தில் போனால் தாராளமாகப் போகலாம். உடை மாற்றும் வசதியைப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். சீக்கிரம் காயும் சுடிதார், மேலே போர்த்த ஒரு பெரிய துண்டு என்று போனால் ஈரத்தோடே ஏறி மேலே வந்து மாற்றிக்கொள்ளலாம், ஏறுகிற சூட்டில் பாதி காய்ந்தும்விடும். புடவையோடு அந்தப் படி ஏறுவது நனைந்த பிறகு மிகவும் சிரமம். நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

புளியஞ்சோலையிலருந்து காட்டு வழியா அருவிக்கு நடந்து போலாம்னு பசங்க சொல்றாங்களே?

அது காப்புக்காடு. வனத்துறை அனுமதியும் வழி தெரிந்த ஆளும் இல்லாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது. வழி தவறினால் போன் சிக்னலை நம்ப முடியாது, மேலே சொன்ன திடீர் வெள்ளம் வருகிற ஆற்றுப் பள்ளமும் அதுதான்.

அவ்வளவு தூரம் வந்தப்பறம் அருவி மூடியிருந்தா நாளே வீணுங்களே?

முதலில், காரவள்ளிச் சோதனைச்சாவடியிலேயே வண்டியை நிறுத்திக் கேளுங்கள், சொல்லிவிடுவார்கள். ஆகாய கங்கை இல்லை என்றாலும் மலை இருக்கிறது. சீக்குப்பாறைக் காட்சிமுனையில் நின்றால் சமவெளி காலடியில் கிடக்கும். வாசலூர்பட்டியில் படகு விடுகிறார்கள். எட்டுக்கை அம்மன் கோயில் இருக்கிறது, சங்கப் பாட்டில் வரும் கொல்லிப்பாவை இவள்தான் என்பது ஊர் நம்பிக்கை.

திரும்பும்போது சோளக்காட்டில் நிறுத்தி மிளகு, காப்பிக்கொட்டை, அன்னாசி, பருவத்தில் பலா வாங்கிக்கொள்ளுங்கள். மலைக்காரர்கள் தாங்களே விளைவித்துத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து விற்கிறார்கள், பத்து ரூபாய்க்கு ரொம்பப் பேரம் பேசாதீர்கள். சில்லறையாகக் கையில் பணம் வைத்திருங்கள், சிக்னல் விட்டுவிட்டால் போனில் பணம் போகாது. வாங்குவதை நாலு மணிக்குள் முடித்துக்கொண்டு வளைவில் இறங்கிவிடுங்கள்.